கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்

அம்பாசடர் ஐட்லிங்கில் நடுங்கினாலும் சரி, ஏற்றத்தில் இழுக்காவிட்டாலும் சரி, சிக்னலில் பொசுக்கென்று நின்றுபோனாலும் சரி, முதல் பழி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் மேல்தான் விழும். பானெட்டைத் தூக்கியதும் ஸ்பேனர் பிடித்த கை நேராக அதன் அடியிலிருக்கும் ஜெட் நட்டுக்குப் போகும் (ஜெட் என்பது பெட்ரோல் வரும் சின்னக் குழல், அதை ஏற்றி இறக்குவது இந்த நட்டு). அரைச் சுற்று இந்தப் பக்கம், கால் சுற்று அந்தப் பக்கம், கொஞ்சம் ரேஸ் செய்து பார்த்துவிட்டு "இப்ப ஓகே சார்" என்று மூடிவிடுவார்கள். அடுத்த வாரம் பழைய கதை. என் கட்சி இதற்கு நேர் எதிர். அந்த நட்டைக் கடைசியில்தான் தொட வேண்டும், மற்றதையெல்லாம் ஒழுங்காகப் பார்த்து முடித்தால் பல சமயம் அதைத் தொடவே தேவையிருக்காது.

என்னிடம் இருப்பது எழுபதுகளில் வந்த மார்க் 3. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், ஒற்றை எஸ்யூ கார்புரேட்டர். இந்த எஞ்சின் பி.எம்.சி.யின் (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. இதே 1489 சிசி எஞ்சினில் இரண்டு எஸ்யூ மாட்டி 1955-ல் எம்ஜிஏ என்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இங்கிலாந்தில் வந்தது என்று சொன்னால், நம்ம டாக்ஸி ஸ்டாண்ட் வண்டியைப் பார்த்துப் பழகியவர்கள் நம்ப மாட்டார்கள். அம்பாசடரே மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டு சீரிஸ் 3-ன் இந்திய அவதாரம்தான், மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 2014 வரைக்கும் தயாரானது. அதனால் இங்கிலாந்துக்காரர்கள் எஸ்யூ பற்றி எழுதி வைத்திருக்கும் பெரும்பாலான விஷயங்கள் நமக்கும் அப்படியே பொருந்தும், வெயிலையும் பெட்ரோலையும் தவிர. அந்த இரண்டுக்கும் பின்னால் வருகிறேன்.

எஸ்யூ என்றால் ஸ்கின்னர்ஸ் யூனியன். செருப்பு வியாபாரக் குடும்பத்தில் பிறந்த ஸ்கின்னர் சகோதரர்கள் 1905-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவமைப்பு. ஆரம்ப கால எஸ்யூவில் இப்போதுள்ள பிஸ்டனுக்குப் பதிலாகத் தோலில் செய்த துருத்திதான் இருந்தது. செருப்புக் கடைக்காரப் பிள்ளைகளுக்குத் தோல் கிடைப்பதில் என்ன கஷ்டம்!

இது வேலை செய்யும் விதம் புரிந்துவிட்டால் டியூனிங் பாதி முடிந்த மாதிரி. பத்மினி காரில் இருக்கும் சோலெக்ஸ் கார்புரேட்டரில் ஐட்லிங்குக்கு ஒரு ஜெட், ஓட்டத்துக்கு ஒரு ஜெட், திடீரென்று மிதித்தால் பெட்ரோல் பீய்ச்ச ஒரு பம்ப் என்று தனித்தனி ஆட்கள் உண்டு. எஸ்யூவில் எல்லாவற்றுக்கும் ஒரே ஜெட், அதற்குள் ஏறி இறங்கும் ஒரே நீடில் (ஊசி). காற்று போகும் வழியில் ஒரு பிஸ்டன் உட்கார்ந்திருக்கும். எஞ்சின் உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடம் பிஸ்டனில் உள்ள துளை வழியாக மேலே இருக்கும் குடத்துக்குள் போய் பிஸ்டனை மேலே இழுக்கும். அதிகக் காற்று வேண்டுமென்றால் அதிகம் எழும்பும், குறைந்தால் தாழும், உலை கொதிக்கும்போது மூடி எழும்பி அடங்குவது போல. பிஸ்டனோடு சேர்ந்து நீடிலும் மேலே போகும். நீடில் கீழே போகப் போக மெலிந்துகொண்டே வருவதால், மேலே ஏற ஏற ஜெட்டில் இடைவெளி கூடி பெட்ரோல் அதிகமாக வரும். அவ்வளவுதான். காற்றின் வேகம் ஏறக்குறைய மாறாமல் இருக்கும், பாதையின் அகலம்தான் மாறும்.

இதில் இருந்து ஒரு விஷயம் கிளம்புகிறது. நீங்கள் ஐட்லிங்கில் ஜெட் நட்டைத் திருகி ஜெட்டைக் கீழே இறக்கினால், ஐட்லிங் மட்டும் மாறாது, 30-ல் போகும்போதும் 80-ல் போகும்போதும் கலவை மாறும். சோலெக்ஸில் ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகுவது மாதிரி இது இல்லை. சிக்னலில் நடுங்குகிறது என்று நட்டைத் திருகி ரிச் (கலவையில் பெட்ரோல் அதிகம்) ஆக்கிவிட்டு, அப்புறம் ஹைவேயில் மைலேஜ் வரவில்லை என்று புலம்புவது இதனால்தான்.

சோக்கும் அப்படித்தான். பல வண்டிகளில் சோக் என்பது காற்றை அடைக்கும் ஒரு தகடு. எஸ்யூவில் அப்படி ஒரு தகடே கிடையாது. சோக்கை இழுத்தால் ஜெட்டே கீழே இறங்கும். கேபிள் துருப்பிடித்தோ, லிங்க் அழுக்கேறியோ ஜெட் முழுசாக மேலே திரும்பாமல் கால் அங்குலம் தொங்கிக்கொண்டு நின்றால், டேஷ்போர்டில் சோக் குமிழ் உள்ளே போயிருக்கும், சைலென்சரில் மட்டும் கறுப்புப் புகை வரும். கையைக் கீழே விட்டு ஜெட்டை மேலே தள்ளிப் பாருங்கள், நகர்ந்தால் உங்கள் பிரச்சினை கேபிள்தான்.

சரி, முதலில் எதைப் பார்ப்பது? தீப்பொறி. டேப்பட் இடைவெளி சரியாக இருக்கிறதா, நாலு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் ஏறக்குறைய சமமாக இருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டால் மிச்சமெல்லாம் இக்னிஷன். பிளக் இடைவெளி 25 தௌ (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.64 மில்லிமீட்டர். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயிண்டின் இடைவெளி 14 முதல் 16 தௌ. பாயிண்ட் முகம் குழி விழுந்திருந்தால் ஃபீலர் கேஜ் பொய் சொல்லும், மேடு இடத்தில் இடித்து நிற்கும், நிஜ இடைவெளி அதைவிட அதிகமாக இருக்கும். அரம் போட்டுச் சமன் செய்வதைவிடப் புது பாயிண்ட் போட்டுவிடுவது உத்தமம். கண்டென்சர் விஷயம் இன்னும் மோசம். சூடேறிய பிறகு மட்டும் மக்கர் செய்யும் கண்டென்சர்கள் உண்டு, வீட்டு வாசலில் நன்றாக ஓடிவிட்டு அரை மணி நேரம் கழித்து மிஸ்ஸிங் அடிக்கும். அந்த அறிகுறியைக் கேட்கிற எவரும் "பெட்ரோல் சரியா வரல" என்றுதான் சொல்வார்கள்.

அப்புறம் டைமிங், அதாவது பொறி அடிக்கும் நேரம். இதில் பலர் விட்டுவிடுவது வேக்கம் அட்வான்ஸ், எஞ்சினின் உறிஞ்சலை வைத்துப் பொறியை முன்கூட்டியே அடிக்கச் செய்யும் அமைப்பு. டிஸ்ட்ரிபியூட்டர் பக்கவாட்டில் இருக்கும் அந்தச் சின்ன வட்டப் பெட்டிக்குள் ஒரு டயாஃப்ரம் உண்டு, அது கிழிந்திருந்தால் பாதி மிதியில் வண்டி சோம்பிப் போகும், மைலேஜ் விழும். சோதிப்பது எளிது, கார்புரேட்டர் பக்கம் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள், நாக்கை வைத்து அடைத்தால் அப்படியே ஒட்டி நிற்க வேண்டும். காற்று கசிந்துகொண்டே வந்தால் டயாஃப்ரம் போச்சு. இந்த மாதிரி சாமான்களுக்கு நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. 1961-ல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் சென்னை பாடியில்தான் இருக்கிறது, லூகாஸ் பாகங்களோடு பழகிய ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள்.

என் மச்சான் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "ஏன் மச்சான், ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க இதுல உக்காந்திருக்கிங்க, ஒரு மெக்கானிக்கிட்ட விட்டா என்ன?" என்று கேட்பார். விடலாம்தான். ஆனால் எஸ்யூவைக் காது கொடுத்துக் கேட்டு செட் செய்யும் ஆட்கள் வயதாகி ஒதுங்கிவிட்டார்கள், இப்போது பட்டறைகளில் இருக்கும் பையன்கள் லேப்டாப் மாட்டிப் பார்த்துப் பழகியவர்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அவர்கள் பிறப்பதற்கு முன்பே கார்புரேட்டர் வண்டிகளின் காலம் முடிந்துவிட்டது.

பொறி சரியென்றால் அடுத்தது திருட்டுக் காற்று. இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட், கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் உள்ள கேஸ்கெட், இவற்றில் எஞ்சின் ஓடும்போது கொஞ்சம் கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பாருங்கள் (எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கிறது, பார்த்து அடியுங்கள், சூடாக இருந்தால் வேண்டாம்). வேகம் மாறினால் அங்கே காற்று கசிகிறது. எஸ்யூவுக்கென்றே ஒரு கசிவு உண்டு, த்ராட்டில் ஸ்பிண்டில். இத்தனை வருஷம் ஆடி ஆடி அந்தத் தண்டும் அது உட்காரும் துளையும் தேய்ந்திருக்கும். தண்டின் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் கையிலேயே தெரியும். இது தேய்ந்த கார்புரேட்டரில் ஐட்லிங் ஒரே இடத்தில் நிற்கவே நிற்காது. ஒரு தடவை 700-ல் நிற்கும், அடுத்த தடவை மிதித்து விட்டால் 1000-ல் நிற்கும். நட்டை எத்தனை திருகினாலும் இது சரியாகாது. பாடியைத் துளைத்து புது புஷ் அடித்து புது தண்டு போட வேண்டும், நல்ல லேத் பட்டறையில் செய்யக்கூடிய வேலைதான்.

மூன்றாவது, ஃப்ளோட், கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை. ஹெச்எஸ் வகை எஸ்யூவில் மூடியைத் தலைகீழாகப் பிடித்தால் ஃப்ளோட்டின் கைக்கும் மூடி விளிம்புக்கும் நடுவே 1/8 அங்குல டிரில் பிட் நுழைகிற அளவு இருந்தால் போதும். அதற்கு முந்தைய ஹெச் வகையில் கணக்கு வேறு, அதனால் உங்கள் வண்டியில் இருப்பது எது என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள். ஃப்ளோட்டை எடுத்துக் காதருகே குலுக்கிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இப்போது எனக்குப் பிடித்த இடம், டேஷ்பாட் எண்ணெய். பிஸ்டன் குடத்தின் தலையில் ஒரு கறுப்பு மூடி இருக்குமே, அதைத் திருகித் தூக்கினால் ஒரு குச்சி வெளியே வரும். அதுதான் டேம்பர். சோலெக்ஸில் ஆக்ஸிலரேட்டர் பம்ப் செய்யும் வேலையை இங்கே செய்வது இந்தக் குச்சியும் கொஞ்சம் எண்ணெயும்தான். திடீரென்று மிதிக்கும்போது பிஸ்டன் சட்டென்று எழும்பிவிடாமல் எண்ணெய் அதைப் பிடித்துத் தாமதிக்கும். அந்த ஒரு கணம் ஜெட்டின் மேல் உறிஞ்சல் அதிகமாகி பெட்ரோல் கூடுதலாக வரும், வண்டி திணறாமல் கிளம்பும். எண்ணெய் இல்லையென்றால் மிதித்ததும் ஒரு 'புஸ்', ஒரு தயக்கம், அப்புறம்தான் பிக்கப். வெறும் எண்ணெய் தீர்ந்துபோன வண்டிக்கு ஜெட் மாற்று, நீடில் மாற்று என்று செலவு வைத்த கதைகள் ஏராளம்.

என்ன எண்ணெய் என்பதில் பெரிய சண்டையே நடக்கும். கையேடு சொல்வது 20 கிரேடு. தையல் மெஷின் எண்ணெய் ஊற்றுகிறவர்கள் உண்டு, அது ரொம்ப லேசு, நம்ம வெயிலில் இன்னும் லேசாகித் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். எஞ்சினுக்கு ஊற்றும் 20டபிள்யூ-50-யையே நான் ஊற்றுகிறேன், சித்திரை வெயிலில் பானெட்டுக்குள் இருக்கும் சூட்டுக்கு அது சரியாக இருக்கிறது. குளிர் ஊர்க்காரர்களுக்கு இது கெட்டியாகத் தோன்றலாம், காலையில் முதல் சில நிமிடம் கொஞ்சம் மந்தமாகவும் இருக்கும், எனக்குப் பரவாயில்லை. அளவு: பிஸ்டனின் உள்குழல் விளிம்புக்கு மேல் அரை அங்குலம். அதிகமாக ஊற்றினால் ஒன்றும் கெடாது, மிச்சத்தை எஞ்சின் குடித்துவிடும்.

அந்தக் குடமும் பிஸ்டனும் ஜோடியாகப் பொருத்தி வந்தவை. ஒரு கார்புரேட்டரின் குடத்தை இன்னொன்றின் பிஸ்டனோடு சேர்க்காதீர்கள். கறுத்திருக்கிறதே என்று எமரி பேப்பர் போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள், பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைத்தால் போதும். துடைத்து மாட்டிய பிறகு விரலால் பிஸ்டனைத் தூக்கி விடுங்கள், 'டக்' என்று உலோகச் சத்தத்தோடு கீழே உட்கார வேண்டும். மெதுவாக வழுக்கி இறங்கினால் நீடில் ஜெட்டின் ஓரத்தில் உரசுகிறது என்று அர்த்தம், ஜெட்டை மையப்படுத்த வேண்டும். பூட்டு நட்டைத் தளர்த்தி, ஜெட்டை முழுக்க மேலே தள்ளி, பிஸ்டனை மேலிருந்து அழுத்திப் பிடித்தபடி நட்டை இறுக்குவது, விட்டுப் பார்ப்பது, சரியில்லையென்றால் மறுபடியும். பொறுமை சோதிக்கும் வேலை இது ஒன்றுதான்.

இத்தனையும் முடிந்த பிறகுதான் நட்டு. ஆறு முகம் கொண்டது. எல்லாம் கலைந்துபோயிருந்தால் ஆரம்பப் புள்ளி இது: ஜெட்டின் வாய் பாலத்தோடு (பிஸ்டன் வந்து உட்காரும் மேடு) சமமாகும் வரை நட்டை மேலே ஏற்றி, அங்கிருந்து 12 முகம், அதாவது இரண்டு முழுச் சுற்று, கீழே இறக்குங்கள். எஞ்சினை நன்றாகச் சூடேற்றுங்கள், வாசலில் ஐட்லிங்கில் நிறுத்தி அல்ல, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து. பிறகு ஒவ்வொரு முகமாக மட்டும் திருகிக் கேளுங்கள். கீழே இறக்கினால் ரிச், மேலே ஏற்றினால் லீன் (பெட்ரோல் குறைவு). ஐட்லிங் எங்கே அதிகபட்சமாகவும் சீராகவும் இருக்கிறதோ அங்கே நிறுத்தி, வேகத்தை ஐட்லிங் ஸ்க்ரூவால் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிடத்துக்குள் முடியவில்லையென்றால் 2500 ஆர்பிஎம் பக்கம் அரை நிமிடம் ரேஸ் செய்துவிட்டுத் தொடருங்கள், இல்லாவிட்டால் பிளக் அழுக்கேறி நீங்கள் கேட்கிற சத்தமே தப்பாகிவிடும்.

சரிபார்ப்பது கார்புரேட்டர் பக்கவாட்டின் அடியில் இருக்கும் சின்னக் கம்பியால். அதை மேலே தள்ளினால் பிஸ்டன் லேசாக எழும்பும். முதலில் வரும் கொஞ்சம் தளர்வைத் தாண்டி 1/32 அங்குலம், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, அவ்வளவு போதும். வேகம் ஏறி ஏறியபடியே நின்றால் ரிச். உடனே விழுந்து நிற்கப் போனால் லீன். ஒரு துளி ஏறிவிட்டுப் பழைய இடத்துக்கு வந்தால் அதுதான். பலர் செய்யும் கூத்து, பிஸ்டனை அரை அங்குலம் தூக்கிவிட்டு எஞ்சின் நின்றதும் லீன் என்று முடிவு கட்டுவது. அப்படித் தூக்கினால் எந்த எஞ்சினும் நிற்கும்.

சைலென்சர் அருகே போய் நின்று கேட்பதும் நல்லது. லீன் என்றால் சத்தம் ஒழுங்கில்லாமல் தெறித்துத் தெறித்து வரும், புகை நிறமே இருக்காது. ரிச் என்றால் ஒரே தாளத்தில் விட்டு விட்டு அடிக்கும், வாடை கண்ணைக் கரிக்கும். ஏர் கிளீனரைத் திரும்ப மாட்டிய பிறகு இன்னொரு தடவை பாருங்கள், அது இல்லாமல் செட் செய்தது அதோடு சேரும்போது கொஞ்சம் ரிச் பக்கம் நகரும்.

பிளக் நிறம் பார்த்து முடிவெடுப்பதில் இப்போது ஒரு சிக்கல். பழைய கையேடுகள் பிஸ்கட் நிறம் வர வேண்டும் என்று சொல்கின்றன. அது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து நிறம். ஈயம் இந்தியாவில் 2000 பிப்ரவரியோடு நின்றது. இப்போதைய பெட்ரோலில் சரியான கலவைக்கே பிளக் வெளுத்துத் தெரியும். அந்தப் பழைய பிஸ்கட் நிறம் வரட்டும் என்று ஜெட்டை இறக்கிக்கொண்டே போனால் கரிதான் வரும்.

அடுத்து எத்தனால். சாதாரண பெட்ரோல் முழுசாக எரிய எடையில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு வெறும் 9 பங்கு. பெட்ரோல் பங்கில் இப்போது கிடைக்கும் 20 சதவீதக் கலப்புக்கு இது 13.5 பக்கம் இறங்கிவிடும். ஊசி மூலம் பெட்ரோல் பாய்ச்சும் புது வண்டிகள் ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துத் தானாகக் கூட்டிக்கொள்ளும், நம்ம கார்புரேட்டருக்கு அந்த மூளை கிடையாது. ஆக, பத்து வருஷத்துக்கு முன்பு சரியாக செட் செய்து அதற்குப் பிறகு தொடாத வண்டி இன்றைக்குத் தானாகவே லீன் ஆகியிருக்கும். காலையில் சோக்கை விட்டதும் நின்றுபோகும், சீரான வேகத்தில் போகும்போது லேசாக முன்னும் பின்னும் இழுக்கும், சூடு ஏறும். எஸ்யூவில் இதற்கு மருந்து சுலபம், நட்டை ஒன்றோ இரண்டோ முகம் கீழே இறக்கினால் போதும், சோலெக்ஸ்காரர்கள் ஜெட்டையே மாற்ற வேண்டும். என் பத்மினி நண்பரிடம் இதைச் சொன்னால் கோபம் வரும், ஆனால் உண்மை உண்மைதான்.

கலவையைவிடப் பெரிய தலைவலி ரப்பர். பழைய ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், ஜெட் அடியில் உள்ள சீல் எதுவும் எத்தனாலுக்காகச் செய்ததல்ல. ஊறிப் போகும், பிசுபிசுக்கும், துகள் உதிர்ந்து ஃப்ளோட் வால்வில் போய் அடைக்கும், கார்புரேட்டர் வழிய ஆரம்பிக்கும். எத்தனால் தண்ணீரையும் உறிஞ்சும், ஐப்பசி மழையில் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியின் டேங்கில் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். எத்தனாலுக்கு ஏற்ற ஹோஸ் என்று கேட்டு வாங்கி எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள், நிறுத்தி வைக்கும் முன் ஃப்ளோட் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள்.

வெயில் காலத்து ஏர் லாக், அதாவது சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி ஓட்டம் தடைபடுவது, பழைய டிரைவர்களுக்குப் புதிதல்ல. பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றி ஓட்டியவர்கள் அவர்கள். எத்தனால் கலந்ததும் ஆவியாவது இன்னும் சுலபமாகிவிட்டது, அதனால் அந்த ஈரத்துணி மறுபடியும் வேலைக்கு வந்திருக்கிறது. டிராஃபிக்கில் நின்று வண்டி அணைந்து, பத்து நிமிடம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆனால், தயவுசெய்து ஜெட் நட்டைத் தேடிப் போகாதீர்கள். பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் போகிறதா என்று பாருங்கள், கார்புரேட்டருக்கு அடியில் இருக்க வேண்டிய வெப்பத் தடுப்புத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். எப்போதோ கழற்றியபோது தூக்கிப் போட்டிருப்பார்கள்.

ஊட்டிக்குப் போகிறவர்கள் கேட்பதுண்டு, 2240 மீட்டர் உயரத்தில் கலவையை மாற்ற வேண்டுமா என்று. காற்று லேசாவதால் கொஞ்சம் ரிச் ஆகும்தான், இழுவையும் குறையும். எஸ்யூ ஓரளவு சமாளித்துவிடும். அங்கேயே குடியிருந்தால் ஒரு முகம் ஏற்றிக்கொள்ளலாம், இரண்டு நாள் பயணத்துக்கு மேட்டுப்பாளையத்தில் நிறுத்தித் திருகிக்கொண்டிருக்க வேண்டாம்.

நீடில் மாற்ற வேண்டி வந்தால் ஒன்று மட்டும். அதன் தண்டுப் பகுதியில் எழுத்துகள் பொறித்திருக்கும், அதுதான் நீடிலின் பெயர். புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ "அம்பாசடர் நீடில்" என்று கேட்டால் கையில் கிடைத்ததைக் கொடுப்பார்கள். பார்க்க எல்லாம் ஒன்று போலவே இருக்கும், மெலியும் அளவு வேறு வேறு. பழையதைக் கையோடு எடுத்துப்போய் எழுத்தைக் காட்டி வாங்குங்கள். எழுத்து தேய்ந்து படிக்க முடியாவிட்டால், மாட்டும்போது தோள் விளிம்பு பிஸ்டனின் அடிப்பகுதியோடு சமமாக இருக்கும்படி வைத்து, கையேட்டில் உங்கள் எஞ்சினுக்குச் சொல்லியிருக்கும் நீடிலையே போட்டு, மறுபடியும் 12 முகத்திலிருந்து ஆரம்பியுங்கள்.